பழைய நம்பர், புது நம்பர்: உங்க போனுக்கு சொந்தமா ஒரு முகவரி இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எங்க ஆச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆச்சிக்கு 81 வயசு. பாளையங்கோட்டையில் பழைய வீட்டில் தனியா இருக்காங்க. மெட்ராஸுக்கு வாங்கன்னு கூப்பிட்டா, "அங்க வந்து நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்"னு பேச்சை முடிச்சிடுவாங்க. போன வருஷம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு எதுவும் உடையலை. ஆனா பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்க்கிற வரைக்கும் முக்கால் மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் கூடத்தில் ஒரு கேமரா வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். ஆச்சி ஒத்துக்கிட்டாங்க, ஒரே ஒரு நிபந்தனையோட: "நீங்க பாருங்க. கண்டவனும் பாக்கக் கூடாது."

நியாயமான நிபந்தனை. ஆனா கடையில் கிடைக்கிற கேமரா பெரும்பாலும் எப்படி வேலை செய்யுது? வீட்டில் எடுக்கிற வீடியோ முதல்ல கேமரா கம்பெனியோட சர்வருக்குப் போகும். நாம அங்க லாகின் பண்ணிப் பார்க்கணும். ஆச்சி சொன்ன அந்தக் "கண்டவன்" அங்கதான் உட்கார்ந்திருக்கான். அதனால நானே ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கி, வீடியோ வீட்டுக்குள்ளேயே இருக்கிற மாதிரி செட் பண்ணினேன். வீட்டு வைஃபையில் அருமையா ஓடிச்சு. சென்னைக்கு வந்து போனில் திறந்தா, சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணும் வரலை.

இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டேன். "சார், உங்களுக்கு பப்ளிக் ஐபி கிடையாது. வேணும்னா மாச வாடகைக்கு ஒண்ணு வாங்கிக்குங்க"ன்னாங்க. அப்பதான் எனக்கு உறைச்சது. மாசாமாசம் பில் கட்டுறோம், நாள் முழுக்க படம் பார்க்கிறோம். ஆனா இன்டர்நெட்டில் நமக்குன்னு ஒரு வாசல் கிடையாது.

ஏன்னு கேட்டா, முகவரி தீர்ந்துபோச்சு.

இன்டர்நெட்டில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபி முகவரின்னு ஒரு எண் வேணும். நாம இன்னும் பெருமளவு பயன்படுத்துற பழைய முறைக்கு ஐபிவி4னு பேரு. 1981 செப்டம்பரில் வந்த ஆவணம்தான் அதுக்கு அடிப்படை. அதில் முகவரியோட நீளம் 32 பிட். கணக்குப் போட்டா சுமார் 430 கோடி முகவரி வரும். அன்னிக்கு உலகத்தில் இந்த வலைப்பின்னலில் இருந்ததே சில நூறு கம்ப்யூட்டர்தான். இதை வடிவமைச்சவங்களில் ஒருத்தரான வின்ட் செர்ஃப், நாங்க அதை ஒரு பரிசோதனையாத்தான் நினைச்சோம்னு பல மேடையில் சொல்லியிருக்கார். பரிசோதனை முடியவே இல்லை, அப்படியே உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

கொஞ்சம் வயித்தெரிச்சல் வர்ற விஷயம் என்னன்னா, ஆரம்பத்தில் அதை வாரி வழங்கின விதம். அமெரிக்காவில் எம்ஐடி என்கிற ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரி. ஃபோர்டு கார் கம்பெனிக்கு அதே அளவு. ஆப்பிளுக்கும் அதே அளவு. அன்னிக்குக் கேட்டவங்களுக்குக் கொடுத்தாங்க, தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா பந்திக்கு முந்தினவங்க இலை நிறைய வாங்கிட்டாங்க. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி மையக் கையிருப்பில் கடைசியா இருந்த ஐந்து பெரிய தொகுதியையும் உலகத்தின் ஐந்து மண்டல அமைப்புகளுக்குப் பிரிச்சுக் கொடுத்து, பாத்திரத்தைக் கவுத்துட்டாங்க. நம்ம ஆசிய-பசிபிக் மண்டலம்தான் முதல்ல தட்டுப்பாட்டுக்குப் போச்சு, அதே வருஷம் ஏப்ரலில்.

அதே 2011இல் திவாலான நோர்டெல் கம்பெனியோட சொத்துக்களை விற்கும்போது, அவங்க கையிலிருந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு. ஒரு நம்பர் சுமார் 11 டாலர். காசில்லாமல் கொடுத்த எண், சொத்தா மாறின நேரம் அது. எம்ஐடியும் 2017இல் தன் கையிருப்பில் ஒரு பெரும்பகுதியை வித்துது. அமேசானோட கிளவுட் சேவை 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குது. சின்னதா ஒரு ஸ்டார்ட்டப் நடத்துறவங்களைக் கேளுங்க, பில்லில் அந்த வரியைக் காட்டுவாங்க.

சரி, தீர்ந்துபோச்சுன்னா நம்ம எல்லாரும் எப்படி இன்னும் ஆன்லைனில் இருக்கோம்?

திருவல்லிக்கேணி மேன்ஷன் தெரியும்ல? நூறு ரூம், ஆனா தெருவுக்கு ஒரே வாசல், ஒரே கதவு எண். கீழே மேனேஜர் ஒரு நோட்டு வெச்சிருப்பார். நீங்க ஒருத்தருக்கு லெட்டர் போட்டா, "37ஆம் ரூம் தம்பி இன்னாருக்கு எழுதினான்"னு குறிச்சுக்குவார். பதில் வந்தா நோட்டைப் பார்த்து உங்க ரூமுக்கு அனுப்புவார். இதுக்குப் பேரு நாட். வீட்டு ரவுட்டர் செய்றது இதைத்தான். முகவரி தட்டுப்பாடு வந்ததும், இன்டர்நெட் கம்பெனிகள் இதையே ஊர் அளவுக்குச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஆயிரக்கணக்கான வீடுகள், ஒரே கதவு எண். நீங்க ஒரு மேன்ஷனுக்குள்ளே இருக்கிற மேன்ஷனில் குடியிருக்கீங்க.

யூட்யூப் பார்க்கிற வரைக்கும் இது உறுத்தாது, ஏன்னா எப்பவும் நீங்கதான் முதல்ல லெட்டர் போடுறீங்க. வெளியிலிருந்து ஒருத்தர் தானா வந்து "பாளையங்கோட்டை கேமரா எந்த ரூம்?"னு கேட்டா, மேனேஜர் நோட்டைப் பார்ப்பார். அப்படி யாரும் எழுதலையே, போப்பான்னு அனுப்பிடுவார். எனக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு சிக்கல், யாரோ செய்ற தப்புக்கு எல்லாரும் மாட்டுறது. கத்தார்ல ஒரு காலத்தில் நாட்டோட இன்டர்நெட் போக்குவரத்து கிட்டத்தட்ட மொத்தமும் வெளியுலகத்துக்கு ஒரே ஐபி முகவரியாத்தான் தெரிஞ்சது. 2007 புத்தாண்டை ஒட்டி, அந்த முகவரியிலிருந்து யாரோ கட்டுரைகளை நாசம் பண்றாங்கன்னு விக்கிப்பீடியா நிர்வாகி ஒருத்தர் வழக்கம்போல அதைத் தடை பண்ணினார். கணக்கில்லாமல் எடிட் பண்ண வந்தவங்க விஷயத்தில் அது ஒரு நாட்டையே தடை பண்ணின மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்தில் தடையை எடுத்துட்டாங்க. ஆனா போலீஸ் விசாரணைன்னா? இந்த ஐபியிலிருந்து மிரட்டல் வந்ததுன்னு சொன்னா, அந்த ஐபிக்குப் பின்னால் எத்தனையோ வீடு இருக்கு. ஐரோப்பிய யூனியனோட போலீஸ் அமைப்பு யூரோபோலே 2017இல், இந்தப் பகிர்வு முறையால் குற்றவாளியைப் பிரிச்சுப் பார்க்க முடியலை, சம்பந்தமில்லாதவங்க விசாரணை வளையத்துக்குள் வர்றாங்கன்னு புகார் சொல்லிச்சு. நீங்க ஒண்ணும் பண்ணாமலே "நான் ரோபோ இல்லை"னு பத்து தடவை டிராஃபிக் லைட் படத்தைத் தொட வேண்டி வர்றதுக்கும் இது ஒரு காரணம்.

இதுக்கெல்லாம் மருந்து 1995லேயே வந்துடுச்சு. ஐபிவி6. முகவரி நீளம் 128 பிட். 34 போட்டு அதுக்குப் பின்னால் 37 சைபர் போட்டா எவ்வளவோ, அவ்வளவு முகவரி. இது மனசில் நிக்காது, வேற மாதிரி சொல்றேன். வழக்கமா ஒரு வீட்டு வைஃபைக்குக் கொடுக்கிற தொகுதி என்ன தெரியுமா? பழைய இன்டர்நெட்டோட மொத்த 430 கோடியை, அதே 430 கோடியால் பெருக்கணும். ஒரு வீட்டுக்கு!

(நடுவில் ஐபிவி5 எங்கேன்னு எப்பவும் யாராவது கேட்பாங்க. 5ஆம் எண்ணை வேற ஒரு பரிசோதனைக்கு முன்னாடியே கொடுத்துட்டாங்க. பேய்க் கதை எதுவும் இல்லை.)

முப்பது வருஷம் ஆகியும் ஏன் முழுசா மாறலை? நம்ம ஊர் லேண்ட்லைன் நம்பருக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தாங்களே, அந்த மாதிரி பண்ணியிருக்கலாமேன்னு தோணும். முடியாது. பழைய மெஷின்கள் எல்லாம் 32 கட்டம் மட்டும் அச்சடிச்ச ஃபாரம் மாதிரி. 128 எழுத்தை அதில் எங்க எழுதுவீங்க? புது ஃபாரம்தான் அடிக்கணும். பழைய ஃபாரம் மட்டும் படிக்கத் தெரிஞ்சவருக்குப் புது ஃபாரம் புரியாது. 1983 ஜனவரி 1ஆம் தேதி இதே மாதிரி ஒரு மாற்றத்தை ஒரு தேதி குறிச்சே பண்ணினாங்க, அன்னிக்கு ஆர்பாநெட்டில் இருந்தது சில நூறு மெஷின். இன்னிக்கு யார் தேதி குறிப்பாங்க?

அதனால் நம்ம சென்னை வழிதான். கதவைப் பாருங்க: "பழைய எண் 18, புதிய எண் 41." டெலிவரி தம்பிக்கு ரெண்டையும் சொல்லணும், சில தெருவில் ரெண்டையும் சொன்ன பிறகும் "அண்ணா, கீழே வாங்க"ன்னுதான் முடியும். இன்டர்நெட்டும் இப்ப அப்படித்தான் ஓடுது. பல வெப்சைட்டுக்கு ரெண்டு முகவரி இருக்கு. உங்க பிரவுசர் ரெண்டையும் முயற்சி பண்ணி, எது சீக்கிரம் திறக்குதோ அதில் போயிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது நல்லது. ஆனா தெரியாததால் யாரும் கேட்கிறதில்லை. கேட்காததால், அவசரம் இல்லாத கம்பெனி புது நம்பர் போடுறதும் இல்லை. முதல்ல செலவு பண்றவனுக்குத் தனியா லாபம் இல்லாத மாற்றம் எதுவுமே மெதுவாத்தான் நடக்கும்.

இதில் இந்தியா எங்க இருக்குன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ சேவை தொடங்கிச்சு, 170 நாளில் 10 கோடி பேர். அத்தனை பேருக்குப் பழைய நம்பருக்கு எங்க போறது? புது நம்பரிலேயே நெட்வொர்க்கைக் கட்டினாங்க. அதே வருஷம் ஜூனிலிருந்து ஆப்பிளும், ஐபிவி6 மட்டும் இருக்கிற நெட்வொர்க்கிலும் ஓடினாத்தான் ஆப் ஸ்டோரில் அனுமதின்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு உலக அளவில் கூகுளுக்கு வர்றவங்களில் பாதிப் பேர் அளவுக்குத்தான் ஐபிவி6இல் வர்றாங்க. இந்தியாவில் மூணில் ரெண்டு பங்குக்கும் மேல. பந்திக்குக் கடைசியா வந்ததால், நமக்குப் புது இலையே போட வேண்டியதாயிடுச்சு.

ஆச்சி கதைக்கு வர்றேன். பாளையங்கோட்டை வீட்டு ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தா, ஐபிவி6 ஏற்கெனவே வந்துக்கிட்டுத்தான் இருக்கு! கம்பெனியில் பேசினவர் அதைச் சொல்லவே இல்லை. கேமரா கம்ப்யூட்டருக்குன்னு சொந்தமா ஒரு முகவரி, வாடகை இல்லாமல். அது அப்பப்ப மாறும். அதனால் மாறினதும் தானா ஒரு பெயரில் பதிஞ்சுக்கிற மாதிரி செட் பண்ணினேன். ரவுட்டரோட ஃபயர்வாலில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன வழி திறந்தேன், அந்த வழிக்கும் வயர்கார்ட்னு ஒரு பூட்டு. என் போனிலும் அப்பா போனிலும் மட்டும் சாவி. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா சொந்த வாசல்னா நல்லவனும் கெட்டவனும் அதைத் தட்டலாம். மேன்ஷன் மேனேஜர் தற்செயலா ஒரு காவல் மாதிரி இருந்தார். இப்ப பூட்டு நம்ம பொறுப்பு.

இன்னொரு பயமும் நியாயமானது: ஒவ்வொரு போனுக்கும் தனி நம்பர்னா நம்மைப் பின்தொடர்றது சுலபமாகாதா? ஆரம்பத்தில் அந்த ஓட்டை இருந்தது. மெஷினோட நிரந்தர அடையாள எண்ணே முகவரிக்குள் வரும். இப்ப போனும் லேப்டாப்பும் தற்காலிக முகவரியை எடுத்து அப்பப்ப மாத்திக்குது. ஆனா முகவரியோட முன்பாதி வீட்டுக்கு வீடு வேற, அதனால் "இந்த வீடு"ங்கிறது தெரியும். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

அன்னிக்கு ராத்திரி மொபைல் டேட்டாவில் திறந்தேன். கூடம் தெரிஞ்சது. ஆச்சி சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அடுத்த நாள் ஆபீஸ் வைஃபையில் திறந்தேன். சுத்திக்கிட்டே இருக்கு. காரணம், எங்க ஆபீஸ் நெட்வொர்க்கில் பழைய நம்பர் மட்டும்தான். நாள் முழுக்க கிளவுட் பத்திப் பேசுற ஐடி கம்பெனி! நெட்வொர்க் டீமில் கேட்டா, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே"ங்கிறாங்க. டிக்கெட் போட்டிருக்கேன். மூணு வாரமா திறந்தே இருக்கு. மதியம் ஆச்சியைப் பார்க்கணும்னா வைஃபையை ஆஃப் பண்ணிட்டுப் பார்க்கிறேன்.

நீங்களும் இன்னிக்கு ஒண்ணு பாருங்க. போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், அதில் ஐபி அட்ரஸ். வைஃபையில் ஒரு தடவை, மொபைல் டேட்டாவில் ஒரு தடவை. எண்ணும் எழுத்துமா நீளமா, நடுநடுவே கோலன் போட்டு, 2இல் ஆரம்பிக்கிற வரி இருந்தா உங்களுக்குப் புது நம்பர் வந்துடுச்சு. வீட்டு ரவுட்டரோட வான் முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் இருந்தா, மேன்ஷனுக்குள்ளே மேன்ஷன். ஆபீஸிலோ காலேஜிலோ புது நம்பர் இல்லைன்னா, ஒரு டிக்கெட் போடுங்க. "யாரும் கேட்டதில்லை"ன்னு அவங்க சொல்ல முடியாதபடி ஆகட்டும்.

என்ன வந்ததுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சிலதைப் போடுறேன்.