சந்தை கலைந்த பின் திடலும் சாட்சி சொல்லும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



வாரச் சந்தைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல உள்ளன. திங்களன்று ஓர் ஊர், செவ்வாயன்று மற்றோர் ஊர் எனச் சரக்கேற்றிச் சென்று, வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கடை விரித்து, இரவில் கட்டுக் கட்டித் திரும்பும் உழைப்பாளிகள் நம்மிடையே அமர்ந்திருக்கிறீர்கள். இன்றைய உரை உங்களுக்கும், சந்தையில் பொருள் வாங்கும் நம் அனைவருக்கும் உரியது.

ஊர் ஊராகச் சென்று விற்பது கண்ணியமான தொழிலாகும். உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை அக்கால அரபகத்தில் ஹஜ் பருவத்தையொட்டிக் கூடிய சந்தைகள். ஒன்று கலைந்ததும் வணிகர்கள் அடுத்ததற்குப் புறப்படுவார்கள். இஸ்லாம் வந்த பின், ஹஜ் காலத்தில் அங்கு வணிகம் செய்வது பாவமாகுமோ என நபித்தோழர்கள் அஞ்சினர். இறைவனின் அருளைத் தேடுவது குற்றமன்று என்னும் கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 198ஆம் வசனம் அப்போது அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் உள்ளது. ஆகவே சந்தையில் ஈட்டும் பொருள் அல்லாஹ்வின் அருளாகும். அந்த அருளை நாம் எவ்வாறு ஈட்டுகிறோம் என்பதே கேள்வி.

சகோதரர்களே! சந்தை கலைந்த மறுநாள் காலையில் அத்திடலைப் பார்த்திருக்கிறீர்களா? கிழிந்த பிளாஸ்டிக் பைகள் முட்புதரில் தொங்கும். அழுகிய காய்கறிகள் ஈ மொய்த்துக் கிடக்கும். உணவின் வாடையைப் பிடித்து வரும் மாடு, பையோடு சேர்த்து அதை விழுங்கும். அந்தப் பிளாஸ்டிக் செரிக்காது. வயிற்றிலேயே தங்கித் திரண்டு, தீனியை ஏற்கவிடாமல் அந்த வாயில்லா ஜீவனை வாட்டிக் கொல்லும். குப்பையைக் கொளுத்தினாலோ நச்சுப் புகை எழுந்து பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் செல்லும்.

கடைத்தெருவில் நிலையாகக் கடை வைத்திருப்பவர் மறுநாள் அந்தக் குப்பையின் முகத்தில் விழித்தாக வேண்டும். நாமோ அதற்குள் அடுத்த ஊரில் இருப்போம். யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை என்னும் எண்ணம் இங்குதான் நுழைகிறது.

மறுமையில் திவாலானவர் யார் என்பதை நபி (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றோடு வருவார். எனினும் பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக அவருடைய நன்மைகள் பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிடும். பின்னர் அவர்களின் பாவங்கள் அவர்மீது சுமத்தப்படும். சற்றே சிந்தியுங்கள்! தெரிந்தவருக்குத் தீங்கிழைத்தால் அவருடைய வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். நாம் வீசிய பையைத் தின்று மாட்டை இழந்த ஏழை விதவை யார்? அவருடைய வீடு எங்கே? யாரிடம் சென்று நாம் மன்னிப்புக் கேட்போம்?

தராசில் நேர்மை காட்டிய கை, கடை விரித்த மண்ணிலும் நேர்மை காட்ட வேண்டும். பூமி தன்மீது நடந்த செய்திகளையெல்லாம் அறிவிக்கும் நாள் ஒன்று உண்டு என அஸ்ஸில்ஸால் அத்தியாயம் எச்சரிக்கிறது. மக்கள் நடக்கும் பாதையையும், அவர்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவோர் சாபத்துக்கு ஆளாவர் என்பது நபிகளாரின் எச்சரிக்கை. நம் சந்தைகள் கூடுவது பாதையோரத்திலும் மர நிழலிலும் அல்லவா?

ஆகவே வணிகச் சகோதரர்களே, சில காரியங்களை இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலாவதாக, கடைக்கு இரண்டு சாக்குகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் காய்கறிக் கழிவு. மற்றொன்றில் பிளாஸ்டிக்கும் அட்டையும். நல்ல இலைதழைகளை ஆடு மாடு வளர்ப்போருக்குக் கொடுங்கள். எஞ்சியது எருக்குழிக்குச் செல்லட்டும். சரக்கு சுற்றிவந்த உறைகளைத் திரும்பக் கொண்டுவந்து காயலான் கடையில் போடுங்கள்.

இரண்டாவதாக, பிளாஸ்டிக் பையை நீட்டாதீர்கள். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்துள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. பூவுக்கும் இறைச்சிக்கும் வாழையிலை, மந்தாரை இலை போன்றவை நம் முன்னோருக்குப் போதுமானவையாக இருந்தன.

மூன்றாவதாக, ஒரே ஊருக்குச் செல்வோர் ஒரே வண்டியில் சரக்கேற்றுங்கள். ஜெனரேட்டரை நம்பாமல், வீட்டிலேயே மின்னேற்றிய எல்.இ.டி. விளக்கைக் கொண்டு செல்லுங்கள். புகையும் குறையும், டீசல் செலவும் மிஞ்சும்.

நான்காவதாக, கட்டுக் கட்டிய பின் கால் மணி நேரம் தங்கி, உங்கள் இடத்தைப் பெருக்கிவிட்டுப் புறப்படுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். அந்தக் கால் மணி நேரம் வணக்கமாக எழுதப்படும்.

வாங்குவோரே, சகோதரிகளே! நீங்கள் வெறுங்கையோடு சென்று பை கேட்டால் வியாபாரி என்ன செய்வார்? கொடுக்காவிட்டால் நீங்கள் அடுத்த கடைக்குச் செல்வீர்கள் என அவர் அஞ்சுகிறார். துணிப்பையும், மீனுக்கும் இறைச்சிக்கும் ஒரு பாத்திரமும் எடுத்துச் செல்லுங்கள். அது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி.

யா அல்லாஹ்! எங்கள் வணிகத்தை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவாயாக! நாங்கள் கடை விரிக்கும் மண் மறுமையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல், எங்களுக்காகச் சாட்சி சொல்லச் செய்வாயாக! ஆமீன்.