புழு வெட்டாத புழுவெட்டு



நோய்க்கு ஒரு பெயர் வழங்கிவிட்டால், நாளடைவில் அப்பெயரே நோயின் விளக்கமாகவும் ஆகிவிடுவதுண்டு. தலையிலோ மீசையிலோ காசளவு வட்டமாக மயிர் உதிர்ந்து, அவ்விடம் வழவழவென்று தோன்றும் நோயைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று மயிரை அரித்துவிட்டது என்று பலரும் நம்பினர். பண்டைக் கிரேக்கரோ, சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நரியை நினைந்து பெயரிட்டனர். நரியைக் குறிக்கும் அச்சொல்லிலிருந்து வந்த ‘அலோபீசியா’ என்பதையே மருத்துவ நூல்கள் இன்றும் ஆள்கின்றன. புழுவும் நரியும் பெயரில் உள்ளனவேயன்றி நோயில் இல்லை. அவ்வாறாயின் நோயில் உள்ளது யாது? அதனை அறிய விஞ்ஞானிகள் நோயாளரின் இரத்தத்தில் எதைத் தேடினர்? கண்டதிலிருந்து நாம் எதைக் கொள்ளலாம், எதைக் கொள்ளலாகாது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இந்நோய் அரியதன்று. நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் எப்போதேனும் இது வருகிறது. நம் நாட்டில் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகத்து மருத்துவர்கள் 808 நோயாளரை ஆராய்ந்து 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை பெயர்பெற்றது. அவர்களுள் பெரும்பாலோர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது வரும். எனது ஆசிரியப் பணியின்போது, தலையில் ஒரு வட்டம் தோன்றிய மாணவனைக் கண்டு பக்கத்தில் இருப்பவன் பெஞ்சில் நகர்ந்து உட்காருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நோயினால் வலி சிறிதும் இல்லை. அந்த நகர்தலினால் உண்டாகும் வலியோ பெரிது. ஆதலால் முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். புழுவெட்டு தொற்றுநோய் அன்று.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உடலின் காவற்படை எனலாம். புறத்திலிருந்து வரும் கிருமிகளைத் தாக்குவது அவற்றின் தொழில். மயிர்க்காலின் வேர்ப்பகுதி இயல்பாக அப்படையின் கண்ணுக்குப் படாமல் மறைவாக வாழ்வது. இந்நோயில் அம்மறைவு குலைகிறது. உடனே டி-வகை வெள்ளணுக்கள் வேரைப் பகையென்று பிழையாகக் கருதிச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் தேனீக்கள் மொய்த்தாற்போல் இருக்கும் என்று மருத்துவர் வருணிப்பர். எனினும் மயிர்க்கால் முற்றும் அழிந்துவிடுவதில்லை. பயிர் வாடினும் வேர் உயிரோடிருக்கும் நிலம் போன்றது அது. அதனாலேயே சிறிய வட்டங்கள் பல, ஓராண்டுக்குள் மருந்தின்றியே மீண்டும் மயிர் வளரப் பெறுகின்றன.

இனி இரத்தத்துக்கு வருவோம். கடலை எண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் பல நாள் வைத்தால் காறிப்போய் வாடை வீசும். பிராணவாயு அதனோடு கூடிச் செய்யும் வேலை அது. நாம் உயிர்வாழ மூச்சிழுக்கும் அதே பிராணவாயு, நம் உயிரணுக்களுக்குள்ளும் சில முரட்டுப் பொருள்களைத் தோற்றுவிக்கிறது. ‘சூப்பராக்ஸைடு’ அவற்றுள் ஒன்று. நூலை வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மற்றொன்று. சென்னிமலையைப் போன்ற நெசவூர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெளுப்பு வேலை புதியதன்று. வெளுக்கும் மருந்து அளவு மீறினால் நூல் நைந்துபோகும். நம் உடலிலும் அவ்வாறே.

அந்த அளவு மீறாமல் காக்க உடலில் சில நொதிகள் உள்ளன. சூப்பராக்ஸைடை மாற்றும் ‘சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்’ என்னும் நொதியை அமெரிக்க விஞ்ஞானிகளான மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அது சூப்பராக்ஸைடைப் பெராக்ஸைடாக்கும். ‘கேட்டலேஸ்’ என்னும் மற்றொரு நொதி பெராக்ஸைடைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும். முரடரின் கை ஓங்கிக் காவலரின் கை தாழும் நிலையை ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்பர். அப்போது உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பும் எண்ணெயைப் போலவே காறுகிறது. அவ்வாறு காறும்போது பிறக்கும் ‘மலோன்டைஆல்டிஹைடு’ என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தறியலாம். எண்ணெயின் வாடையைக் கொண்டு அது கெட்டதை அறிவது போன்றது இவ்வளவை.

துருக்கி, எகிப்து முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் புழுவெட்டு நோயாளரின் இரத்தத்தையும் நலமுள்ளோர் இரத்தத்தையும் இவ்வாறு ஒப்பிட்டனர். நோயாளரிடம் மலோன்டைஆல்டிஹைடு மிகுந்திருப்பதாகவே பல ஆய்வுகள் கூறின. காக்கும் நொதியைப் பற்றியோ ஒருமித்த முடிவு இல்லை. சில ஆய்வுகளில் அது குறைந்திருந்தது, சிலவற்றில் மிகுந்திருந்தது. பகை மிகுந்ததனால் காவலும் மிகுந்தது என்று சிலரும், காவல் குறைந்ததனால் பகை மிகுந்தது என்று சிலரும் பொருள் கூறினர். ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை மட்டும் கொண்டவை என்பதையும் மறக்கலாகாது.

இங்கேதான் மாணவர்கள் நின்று சிந்திக்கவேண்டும். நோயோடு கூட ஒன்று காணப்பட்டால், அதுவே நோய்க்குக் காரணம் ஆகிவிடுமா? சென்னிமலைத் தைப்பூசத் தேர்த் திருவிழாவில் அன்னதானப் பந்தி நடந்த இடத்தில் எச்சிலிலைகளை எண்ணினால், எத்தனை பேர் உண்டனர் என்று ஒருவாறு கணக்கிடலாம். இலைகள் கூட்டத்தின் அடையாளமேயன்றிக் கூட்டத்தை அழைத்து வந்தவை அல்ல. இலைகளை அப்புறப்படுத்தினால் கூட்டம் கலைந்துவிடாது. வெள்ளணுக்கள் போரிடும் இடத்தில் முரட்டுப் பொருள்கள் மிகுதல் இயல்பு. அவை போரை மூட்டினவா, போரினால் விளைந்தனவா, விளைந்தபின் போரை வளர்க்கின்றனவா என்பதை அளவு மட்டும் சொல்லாது.

இப்பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றதுண்டு. காறலைத் தடுக்கும் பீட்டா கரோட்டீன் என்னும் சத்தை மிகுதியாகப் பெற்றோர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்னைய ஆய்வுகள் காட்டின. அதனை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு சோதித்தனர். 1994-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மாத்திரை உண்டோரிடையே அப்புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காடு மிகுந்திருந்தது. அடையாளத்தைக் காரணமென்று கொண்டதன் விளைவு அது.

ஆகவே, ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை நீக்கிப் புழுவெட்டைப் போக்கும் என்று யாரேனும் மாத்திரையோ தைலமோ விற்க வந்தால், ‘சோதித்துப் பார்த்தீர்களா?’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மருத்துவர் இந்நோயைக் கண்டறிய மேற்சொன்ன இரத்த அளவுகளை நாடுவதில்லை. வட்டத்தையும் அதன் ஓரத்து மயிரையும் பார்த்தே பெரும்பாலும் அறிந்துகொள்கிறார். அதற்காக இரத்த ஆய்வுகள் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். எத்திசையில் தேடவேண்டும் என்பதை அவை காட்டுகின்றன. வெள்ளணுக்கள் எந்தச் செய்தியைப் பெற்றுப் படையெடுக்கின்றன என்று பொறுமையாகத் தேடியவர்கள், அச்செய்தியை இடைமறிக்கும் மருந்துகளைக் கண்டனர். கடுமையாக மயிரிழந்த பெரியோர்க்கென அவற்றுள் ஒன்றான ‘பாரிசிட்டினிப்’ அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டாதலின், மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவருக்கு இவ்வட்டம் தோன்றினால் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பூஞ்சையால் வரும் தலைப்படையும் சில வேளை இதுபோல் தோன்றும். அது தொற்றக்கூடியது; அதன் மருத்துவமும் வேறு. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. நண்பனின் பக்கத்தில் நகராமல் உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை. அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. கேள்விப்பட்டதை ஆராய்ந்து ஏற்கும் அறிவும், சற்றே அன்பும் இருந்தால் போதும்.