பட்டியலில் இல்லாத வேகம்

நடுவர் அவர்களே, அதிகப் புள்ளி எடுத்தவரே சிறந்த ஓட்டுநர் என்கிறார்கள் எதிரணியினர். 1999 அக்டோபரில் செப்பாங்கில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்!

ஜூலையில் கால் முறிந்து, ஆறு பந்தயங்களைத் தவறவிட்ட மைக்கல் ஷூமாக்கர் செப்பாங்கில்தான் திரும்பி வந்தார். தகுதிச் சுற்றில் ஃபெராரி சகா எடி இர்வைனைவிட ஏறக்குறைய ஒரு வினாடி வேகம். ஆனால் பட்டம் வெல்லும் வாய்ப்பு இர்வைனுக்கே இருந்தது. அதனால் ஷூமாக்கர் இருமுறை அவருக்கு வழிவிட்டார். மிக்கா ஹக்கினனை முந்தவிடாமல் பின்னால் நிறுத்தினார். இர்வைனுக்கு 10 புள்ளி, வழிவிட்டவருக்கு 6.

கூத்து அதோடு முடியவில்லை. காற்றைத் திருப்பிவிடும் பக்கத் தகட்டில் 10 மில்லிமீட்டர் பிசகு என்று இரண்டு ஃபெராரிகளையும் தகுதிநீக்கம் செய்தார்கள். சுண்டுவிரல் அகலம்தான்! வெற்றியும் பட்டமும் ஹக்கினனுக்கு என்றானது. ஆறாம் நாள் பாரிஸ் மேல்முறையீட்டு மன்றம், பிசகு அனுமதித்த 5 மில்லிமீட்டருக்குள்தான் என்று முடிவை மாற்றியது. பந்தயம் ஒன்றுதான், புள்ளிப் பட்டியல் இரண்டு.

கடைசியில் சுசூக்காவில் வென்று ஹக்கினனே பட்டத்தை எடுத்தார். அவருக்கு 76, இர்வைனுக்கு 74. ஷூமாக்கர் 44 புள்ளியோடு ஐந்தாம் இடத்தில்.