அங்காடியில் கற்ற பாடம்



தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில் குவாங்ஜாங் என்னும் பழைய அங்காடி ஒன்று உண்டு. ஜப்பானிய ஆதிக்கம் ஓங்கிவந்த 1905-ஆம் ஆண்டில், கொரிய வணிகர்கள் தங்கள் சொந்த முதலைக் கொண்டு அதனை நிறுவினார்கள். துணி வாணிகத்திற்குப் பெயர்பெற்ற அவ்விடத்தில், இன்று அயல்நாட்டாரைப் பெரிதும் ஈர்ப்பவை உணவுக் கடைகளே. நடைபாதையின் நடுவே கடைகள். அவற்றையொட்டி நீண்ட பலகைகள். முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்ணுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சென்றபோது முதலிற் கண்டது, மெல்லியதாக அரிந்து வைத்திருந்த பச்சை மாட்டிறைச்சி. அதனைச் சமைக்காமலே உண்பது அவர்கள் வழக்கம். புலால் உண்ணாத நான் என்னையும் அறியாமல் முகம் சுளித்தேன். கடையிலிருந்த மூதாட்டி அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கூறாமல் கண்களைத் தாழ்த்திக்கொண்டு தம் வேலையைத் தொடர்ந்தார். பிறர் பழக்கங்களை இகழலாகாது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் போதித்தவன் நான். அன்று என் போதனையே என்னைச் சுட்டது.

தலைகுனிந்து மேலே நடந்தேன். ஒரு கடையில் அரிசிமாத் துண்டுகள் செந்நிற மிளகாய்க் கூழில் கொதித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய், கடல் கடந்து வந்து நம் குழம்பிலும் அவர்கள் கூழிலும் குடியேறிவிட்ட விந்தையை எண்ணிக்கொண்டேன்.

சற்றுத் தொலைவில் ஒரு கல் திரிகை, மின்விசையால் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து மஞ்சள் நிற மாவு வழிந்தது. இறைச்சிக்குக் கொரிய மொழியில் 'கோகி' என்று பெயர். நான் "கோகி?" என்று வினவினேன். கடைக்கார அம்மையார் இல்லையெனத் தலையசைத்து, ஊறவைத்த பருப்பை ஒரு பிடி அள்ளிக் காட்டினார். அது நம் பாசிப்பருப்பே! அரைத்த மாவில் முளைப்பயற்றைக் கலந்து, எண்ணெயில் தடித்த அடையாகப் பொரித்துத் தந்தார். அதற்குப் பிண்டேத்தொக் என்று பெயர். ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருந்தது. உடன் வைத்த கிம்ச்சி ஊறுகாயில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேர்வதுண்டு. ஆதலால், அதனை மட்டும் கைகூப்பிப் புன்னகையுடன் மறுத்தேன். அவரும் புன்னகை செய்தார்.

அப்போதுதான் தெளிந்தேன். பிறர் உணவை உண்ணாமை குற்றமன்று. அதனைக் கண்டு அருவருப்புக் காட்டுவதே குற்றம். நாம் முகம் சுளிக்கும் பண்டம், வேறொருவருக்கு அவர் தாய் ஊட்டிய அமுது அன்றோ?

திரும்பும் வழியில் அந்த மூதாட்டியின் கடை முன் நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு மொழி தெரியாது. அந்நாட்டு வழக்கப்படி இடுப்பு வளைத்துத் தலைதாழ்த்தினேன். ஒருகணம் தயங்கிய அவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தலைதாழ்த்தினார்.