ஓட்டுரிமையைக் காப்பதே ஜான் லூயிஸுக்குச் செய்யும் மரியாதை!
(வாக்குரிமைக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



2020 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா என்ற ஊரில், குதிரைகள் பூட்டிய வண்டியொன்று ஒரு பாலத்தைக் கடந்தது. வண்டியில் இருந்தது ஜான் லூயிஸ் அவர்களின் உடல். 55 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாலத்தை ஒட்டித்தான் காவல்படையினர் அவரது மண்டையை உடைத்தார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? கறுப்பின மக்களுக்கு ஓட்டு கேட்டார். அவ்வளவுதான்! செல்மாவில் வாக்காளராகப் பதிவு செய்யும் அலுவலகம் மாதத்தில் இரண்டே நாட்கள் திறந்திருக்கும். போனால் எழுத்தறிவுத் தேர்வு. யார் தேறுவது என்பது வெள்ளை அதிகாரியின் விருப்பம். ஓட்டுப்போடும் வயதில் கறுப்பர்கள் சுமார் 15,000 பேர்; பட்டியலில் இருந்தவர்களோ சில நூறு பேர்.

1965 மார்ச் 7. சுமார் 600 பேர் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். முன்வரிசையில் 25 வயது லூயிஸ். முதுகுப்பையில் இரண்டு புத்தகங்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல் துலக்க ஒரு பிரஷ். சிறைக்குப் போகத் தயாராக வந்தவரின் மூட்டை அது! தடியும் கண்ணீர்ப்புகையும் குதிரைப்படையும் பாய்ந்ததை அன்றிரவே நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சகோதரர்களே, அந்தச் சட்டத்தின் உயிர்நாடி எது தெரியுமா? முன் அனுமதி! பாகுபாட்டில் ஊறிய மாநிலங்கள் தேர்தல் விதியில் ஒரு வரியை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை இடம் மாற்றினாலும், மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முதலில் அனுமதி பெற வேண்டும். 'இதனால் யாருக்கும் பாதகமில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு. ஏழை வாக்காளன் வக்கீலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற தீர்ப்பில், எந்த மாநிலங்களுக்கு முன் அனுமதி தேவை என்று வகுத்த பிரிவு பழையதாகிவிட்டது என்று அதைச் செல்லாததாக்கியது. நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை வீசுவதா என்று கேட்டார் மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி கின்ஸ்பர்க் அம்மையார். சரியான கேள்வி!

தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், தனது அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்குவதாக அறிவித்தது. அதன்படி கைத்துப்பாக்கி உரிமம் செல்லும். மாணவர் அட்டை செல்லாது! வட கரோலினா அதே ஆண்டு இயற்றிய சட்டம் கறுப்பர்களைக் குறிவைத்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2016இல். அதற்குள் 2014 தேர்தல் முடிந்தே போயிற்று. போன ஓட்டை யார் திருப்பித் தருவார்?

லூயிஸ் மறைந்தபோது நாடாளுமன்ற மண்டபத்தில் உடலை வைத்து இரு கட்சியினரும் புகழ்ந்தார்கள். மறு ஆண்டு, அந்தப் பாதுகாப்பை மீட்க அவர் பெயரிலேயே ஒரு மசோதா வந்தது. கீழவை நிறைவேற்றியது. செனட்டில், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை. 2006இல் இதே வாக்குரிமைச் சட்டத்தை 98க்கு 0 என்று நீட்டித்தது அந்த செனட்தான். அன்று ஆதரித்துக் கையுயர்த்திய சிலர் 2021இலும் அங்கேதான் இருந்தார்கள், எதிர்த்து வாக்களித்தார்கள்.