மேட்டுத் தொட்டியும் ஐஸ் கட்டியும்

ஃபிரிட்ஜ் தானாகவே ஐஸ் கட்டிப் போட, அதற்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயை இணைப்பது பற்றி நேயர்களுக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இணைப்பது அரை மணி நேர வேலை. ஆர்.ஓ. மெஷினுக்கு வருமே, அதே கால் அங்குல வெள்ளை டியூப்தான். எனக்குப் பிடித்த சங்கதி தண்ணீரின் அழுத்தம். அதற்கு நாம் வெள்ளக்கடை வரை போய்வர வேண்டும்.

ஏற்காட்டு மலையில் இருக்கும் அந்த ஊரில் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. குழாய் கொடுத்தது நான்தான். பத்து நாளில் போன் வந்தது. "ஐஸ் அப்பளமாட்டம் விழுதுங்க." போய்ப் பார்த்தேன். சில கட்டிகள் மெலிசாக, தொட்டால் நொறுங்கின. மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டு பெட்டியில் ஒரே பாறை. வால்வுதான் போச்சு என்று புதிது மாட்டிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தேன். மறுவாரமும் அதே புகார். தப்பு என்னுடையது.

ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள வால்வு சில விநாடிகள்தான் திறக்கும். தண்ணீர் சோம்பலாக வந்தால் அச்சு நிரம்பாது. இன்னொன்று கேளுங்கள்: வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை இறுக்கி மூடுவதும் அதே தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் போதாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும், பாறையாகும். குறைந்தது 1.4 கிலோ வேண்டும் என்று பல கம்பெனிப் புத்தகங்களில் பார்க்கலாம். எடை இல்லை அம்மா, எங்கள் தொழிலில் அழுத்தத்தையும் கிலோவில்தான் சொல்வோம். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு கிலோ. அந்த வீட்டு மாடித் தொட்டியோ ஃபிரிட்ஜுக்கு 4 மீட்டர்தான் மேலே!

பம்பு வைக்கலாம் என்றேன். தோட்டத்து மேஸ்திரி சிரித்தார். "தம்பி, மேல சுனைத்தொட்டி இருக்குது, பார்க்கலையா?" மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஏறிப் போனோம். அங்கிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயின் கீழ்முனையில் அழுத்த மீட்டரை மாட்டினேன். முள் இரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. மின்சாரம் இல்லாமல்!

ஐஸுக்காக அந்தக் காலத்தில் கடலையே தாண்டினார்கள். 1842 வாக்கில் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸில், இன்றைய விவேகானந்தர் இல்லத்தில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெள்ளக்கடையில் ஒரு சுனையும் ஒரு சரிவும் போதுமாக இருந்தது.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆங்கிள் காக் ஒன்று தனியாக வையுங்கள், மண் வடிகட்டி போடுங்கள், டியூபை ஒரு வாளியில் ஓடவிட்டு அழுக்குப் போன பிறகு மாட்டுங்கள். ஃபிரிட்ஜை இழுக்க வசதியாகப் பின்னால் இரண்டு சுற்று டியூப் விடுங்கள். தொட்டி 80 மீட்டருக்கு மேலே என்றால் அழுத்தம் குறைக்கும் வால்வும் அவசியம். முதல் நாள் ஐஸைக் கொட்டிவிடுங்கள். இரண்டாம் நாள் உங்கள் வீட்டு எலுமிச்சை ஜூஸில் கட்டி முழுசாக விழட்டும்.