'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

(தலைப்பு: ஆங்கிலம் பேச நம் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது மொழியின் கடினமா? மனத்தின் அச்சமா?)

நடுவர் அவர்களே! இரண்டு அணியிலும் இருக்கிற நண்பர்களே! அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணி அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "ஆங்கிலத்திலே ஒரு சொல்லுக்கு நூறு அர்த்தம். பிள்ளை என்னய்யா பண்ணும்?" என்று கேட்டார்கள். நூறு என்று குறைத்துச் சொல்லிவிட்டார்கள். நான் கூட்டியே தருகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதிலே 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள். அதுதான் அப்போது ராஜா. பிறகு 'ரன்' என்ற சொல்லைத் திருத்தி எழுதினார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்தார். பிள்ளை பெறுகிற கணக்கு! (சிரிப்பு) 2011-இல் கணக்கு வெளியே வந்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்! இயந்திரம் வந்தது, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்றும் வர வர இந்தச் சொல்லுக்கு வேலை கூடிக்கொண்டே போனது.

"பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க" என்று எதிரணியில் கை தட்டுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இந்த 645-ஐயும் மனப்பாடம் பண்ணின இங்கிலீஷ்காரன் ஒருத்தன் உண்டா? காட்டுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

சரி, நம்ம வீட்டுக்கு வாருங்கள். 'ஓடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஓடுது. ஆறு ஓடுது. கடிகாரம் ஓடுது. படம் நூறு நாள் ஓடுது. "ஏதோ குடும்பம் ஓடுதுங்க." "மனசு சரியில்லை, ஒண்ணும் ஓடலை." பக்கத்து வீட்டுப் பொண்ணு ஓடிப் போச்சு! (சிரிப்பு) அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதில் எதையாவது அகராதி பார்த்துச் சொல்லிக் கொடுத்தோமா? தொல்காப்பியர் உரியியலில் 'கடி' என்ற ஒரே சொல்லுக்குக் காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளை அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு சொல் பல வேலை பார்ப்பது நமக்குப் புதுசா?

கூட வருகிற சொல்லைப் பார்த்தால் பொருள் தானே தெரியும். ஆறோடு 'ரன்' வந்தால் பாய்கிறது. மூக்கோடு வந்தால் ஒழுகுகிறது. துணிச் சாயத்தோடு வந்தால் சாயம் போகிறது. சர்க்கரையோடு 'ரன் அவுட்' வந்தால், டப்பா காலி. அதே 'ரன் அவுட்' கிரிக்கெட்டில் வந்தால், ஆளே காலி!

இன்னொரு வேடிக்கை. தேர்தல் வந்தால் அமெரிக்காவிலே வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார், ஓடுகிறார். இங்கிலாந்திலே 'ஸ்டேண்ட்' பண்ணுகிறார், நிற்கிறார். நம்ம ஊரிலும் நிற்கிறார். ஜெயித்த பிறகு பிடிக்க நாம்தான் ஓடணும்! (கைதட்டல்) கடையை அவன் 'ரன்' பண்ணுகிறான், ஓட வைக்கிறான். நாம் கடை நடத்துகிறோம், நடக்க வைக்கிறோம். நம்ம ஊரிலே கடைக்காரர் ஓடினார் என்றால் சீட்டுக் கட்டினவங்க துரத்துகிறார்கள் என்று அர்த்தம்!

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவன். தமிழ் வழியில் படித்தவன், நல்ல மார்க். வேலைக்கான நேர்காணலுக்குப் போனான். "ஹூ ரன்ஸ் யுவர் ஃபேமிலி?" என்று கேட்டார்கள். உங்கள் குடும்பத்தை நடத்துவது யார்? அப்பா இல்லாத பையன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவாட்டி, இட்லி விற்றுப் படிக்க வைத்தவள் அம்மா. 'மை மதர்.' இரண்டே சொல். இரண்டும் அவனுக்குத் தெரியும். ஆனால் 'ரன்' என்றதும் 'ஓடு' என்று மனசு சொன்னது. யார் ஓடுகிறார்கள் என்று திகைத்து நின்றான். எதிரே இருந்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. அதன் பிறகு தெரிந்த கேள்விக்கும் பதில் வரவில்லை.

நடுவர் அவர்களே, அவனைத் தோற்கடித்தது 645 பொருளா? அந்த ஒரு சிரிப்பா? "சார், புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். கேட்க விடாமல் தடுத்தது எது? மொழியா? பயம் ஐயா, பயம்! (பலத்த கைதட்டல்) தன்னைப் பெற்றவள் பெயரைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடத்திலே ஒரு பிள்ளையை ஊமையாக்கியது அந்தப் பயம்.

அந்தப் பயத்தை விதைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. பிள்ளை வீட்டிலே தப்பாக ஒரு வாக்கியம் பேசினால் அண்ணன் சிரிக்கிறான், மாமா கேலி பண்ணுகிறார். தமிழிலே "தாத்தா நடந்துச்சு" என்று மழலை பேசியபோது தூக்கிக் கொஞ்சின அதே வீடுதானே இது? அன்றைக்குக் கொஞ்சினோம், தமிழ் வந்தது. இன்றைக்குச் சிரிக்கிறோம், ஆங்கிலம் உள்ளேயே நின்றுவிடுகிறது.

ஒரு சொல்லுக்கு 645 பொருள் இருக்கட்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று பிள்ளை பிடித்துக்கொள்வான். முதலில் அவனைத் தப்பாகப் பேச விடுங்கள். ஆகவே, தடையாக இருப்பது மொழியின் கடினம் அல்ல, மனத்தின் அச்சமே!